ஈயம் பூசாத மாதிரியும்

கலிஃபோர்னியாக்காரன் கொடுத்துவைத்தவன். 1986-இல் ஓட்டுப் போட்டே ஒரு சட்டம் கொண்டுவந்தான். விற்கிற சாமானில் வரம்புக்கு மேல் ஈயம் இருந்தால் வாங்குபவருக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கேஸ். கேஸ் வந்ததும் கம்பெனி சமரசத்துக்கு வரும். தப்பென்று ஒப்புக்கொள்ளாது, பணம் மட்டும் கட்டும். ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும்! அபராதத்தில் முக்கால் பங்கு அரசுக்கு, கால் பங்கு கேஸ் போட்டவருக்கு, வக்கீல் ஃபீஸ் தனி. பொம்மையைச் சப்பிய பிள்ளைக்குச் சல்லிக்காசு கிடையாது.

விசைத்தறி ஊரான நம் ஆர்.கே.பேட்டைக்கு அந்தக் கேவலம்கூட வாய்க்கவில்லை.

2015 ஜூனில் மேகி நூடுல்ஸில் ஈயம் என்று தமிழ்நாடு அரசு மூன்று மாதம் தடை போட்டது. நாடு முழுக்கவும் தடை வந்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் நாடு தழுவிய தடையை ரத்து செய்தது. சோதனை செய்த ஆய்வகங்களுக்கே முறையான அங்கீகாரம் இல்லையாம். மறுசோதனையில் ஈயம் வரம்புக்குள் என்று வந்தது. மத்திய அரசே மேகி கம்பெனியிடம் 640 கோடி ரூபாய் கேட்டுப் போட்ட வழக்கும் 2024 ஏப்ரலில் தள்ளுபடி. கம்பெனி மேல் எனக்குக் கோபமில்லை. தராசு சரியில்லாமல் எடைபோடக் கிளம்பியவர்கள் மேல்தான்.

பெயின்டுக்குச் சட்டம் உண்டு. 2017 நவம்பர் முதல் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது. வீட்டுப் பெயின்டுக்கும் அலங்காரப் பெயின்டுக்கும் மட்டும். தொழிற்சாலைப் பெயின்டுக்கு அந்தக் கவலை இல்லை. டெல்லியில் உட்கார்ந்து எழுதிய புண்ணியவானே, ஆர்.கே.பேட்டைக்கு ஒருநாள் வாரும். கூடத்தில் விசைத்தறி, அதை ஒட்டித் தூளி. தறிச் சட்டத்திலிருந்து செதில் செதிலாய் உதிர்கிற பெயின்டைத் தவழ்கிற பிள்ளை பொறுக்கி வாயில் போடுகிறது. செதில் சட்டப்படி தொழிற்சாலை. பிள்ளை சட்டப்படி வீடு.

இதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கிறார்கள். அந்தக் கசடை லாரியில் ஏற்றினால் 'அபாயகரக் கழிவு' என்று எழுதியாக வேண்டும். அமெரிக்காவில் குங்குமத்திலும் ஈயம் கண்டுபிடித்து எச்சரிக்கிறார்கள். இங்கே குங்கும டப்பாவில் லட்சுமி சிரிக்கிறாள்.

சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 756 பேரைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரி 11.4 மைக்ரோகிராம் ஈயம். அமெரிக்கா இன்று 3.5-க்கே பதறுகிறது. ஈயம் ரத்தசோகையும் தரும். சோகை பிடித்த பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போங்கள். ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், ஈயம் பார்க்க வழியில்லை. இரும்புச்சத்து டானிக் கொடுத்து, கீரை போடச் சொல்லி அனுப்புவார்கள்.