பந்து இல்லாத பருவம்

பாஸ்டன் நகரத்தில் குடியிருப்பவன் பேஸ்பால் ஆடத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் பேஸ்பாலைப் பற்றியும், அது ஓய்ந்திருக்கும் காலத்தில் கூடைப்பந்தைப் பற்றியும் திட்டவட்டமான ஓர் அபிப்பிராயம் இல்லாதவன், இந்த ஊரில் தலைமயிர் வெட்டிக்கொள்ளவோ, பல் பிடுங்கிக்கொள்ளவோ, பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்கவோ முடியாது. அபிப்பிராயம் சொல்வதற்கு ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டுமா என்று கேட்டால், அதுவும் அவசியமில்லை என்பேன். பேஸ்பால் அணி ஒன்று பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. கூடைப்பந்து அணி 82. இரண்டையும் சிரத்தையோடு உட்கார்ந்து பார்ப்பதென்றால் சம்சாரியானவன் உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்துவிட வேண்டியதுதான். ஆகையால், விளையாடுகிற சிரமத்தை விளையாட்டுக்காரர்களுக்கு விட்டுவிட்டு, யார் எந்த அணியிலிருந்து எந்த அணிக்குப் போகப்போகிறார், எத்தனை கோடிக்குப் போகப்போகிறார், போகாவிட்டால் யாருடைய சூழ்ச்சியினால் போகவில்லை என்ற சமாசாரங்களைப் பேசும் பொறுப்பை ஊர் ஜனங்கள் தாங்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்கு உகந்த காலம், பேஸ்பால் ஆட்டமே நடக்காத குளிர்காலம். முற்காலத்தில், பனி கொட்டுகிற கிராமங்களில், மளிகைக் கடை நடுவில் கனன்றுகொண்டிருக்கும் இரும்புக் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து, போன பருவத்தில் தோற்றதற்குக் காரணங்களையும் வரும் பருவத்தில் ஜயிப்பதற்கு உபாயங்களையும் ஆராய்வார்களாம். அந்த ஞாபகார்த்தமாகக் குளிர்கால வம்புக்கு ‘ஹாட் ஸ்டவ் லீக்’ என்று இன்றைக்கும் பெயர். மளிகைக் கடை போய்க் கைப்பேசி வந்துவிட்டதே தவிர, காரணங்களும் உபாயங்களும் அப்படியேதான் இருக்கின்றன.

நான் வழக்கமாகப் போகும் சலூனில் மூன்று நாற்காலிகள், ஒரு தொலைக்காட்சி, சுவரில் ஃபென்வே மைதானத்தின் பழுப்பேறிய படம் ஒன்று. சலூன்காரர் கைதேர்ந்தவர், ஆனால் அவருடைய சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசி ‘விர்’ என்று அதிர்ந்துவிட்டால், என் காதுக்கு அரை அங்குலம் மேலே கத்தரி அந்தரத்தில் நின்றுவிடும். பெஞ்சியில் காத்திருப்பவர்களுடைய கைப்பேசிகளும் அதே க்ஷணத்தில் அதிர்ந்திருக்கும் ஆதலால், தனியாக யாரும் அழைக்காமலே சபை கூடிவிடும். “இவரைக் கொடுத்துவிட்டு அவரையா வாங்கினார்கள்?” என்பார் ஒருவர். “இல்லை, இவரோடு இரண்டு சிறுவர்களையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்” என்பார் இன்னொருவர், சொந்தக் குழந்தைகளை யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்ட குரலில். பாதி வெட்டிய தலையோடு, கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தப்பட்டு உட்கார்ந்திருக்கும் நான், எதிர்க்கண்ணாடியில் தெரியும் முகங்களைப் பார்த்துத்தான் நம் கட்சிக்கு லாபமா நஷ்டமா என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் நஷ்டம்தான். லாபம் என்று தெரிந்தால்கூட, “இதிலே ஏதோ சூது இருக்கிறது” என்று ஒருவர் சொன்ன பிறகே கத்தரி மறுபடி அசையும்.

2025 பிப்ரவரி முதல் வாரத்தில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. சனிக்கிழமை நள்ளிரவு கடந்த வேளையில், டல்லாஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணி, முந்தின ஜூன் மாதம்தான் தங்களை இறுதிப் போட்டி வரைக்கும் கொண்டுபோன, இருபத்தைந்தே வயதான லூகா டான்சிச்சை, லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு ஆந்தணி டேவிஸை வாங்கிக்கொண்டது என்ற செய்தியை ஷாம்ஸ் சரானியா என்ற நிருபர் வெளியிட்டார். யாரும் நம்பவில்லை. அவருடைய கணக்கை எவனோ களவாடிவிட்டான் என்று தேசம் முழுவதும் ஏகமனதாக முடிவு செய்ததால், இது மெய்தான் என்று அந்த மனிதர் இரண்டாம் முறையும் அறிவிக்க வேண்டியதாயிற்று. டல்லாஸ் அபிமானிகள் மைதானத்துக்கு முன்னால் சவப்பெட்டியே கொண்டுவந்து வைத்துத் துக்கம் கொண்டாடினார்கள். டல்லாஸுக்கு 1,500 மைலுக்கு அப்பால், மறுநாள் காலையில் வாசலில் கிடந்த செய்தித்தாளை எடுக்க வந்த என் பக்கத்து வீட்டுக்காரர், அதைப் பிரித்தும் பார்க்காமல், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி பெருமூச்சு விட்டார்.

அவருக்கு ஏன் துக்கம் என்றால், லாபம் அடைந்தது லேக்கர்ஸ். எங்கள் ஊர் செல்டிக்ஸ் அணி இதுவரை 18 முறை சாம்பியன் ஆகியிருக்கிறது. லேக்கர்ஸ் 17 முறை. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றே ஒன்று வித்தியாசம். என் பக்கத்து வீட்டுக்காரரின் கணிதப்படி ஆறு. லேக்கர்ஸ் முதலில் மினியாபோலிஸ் நகரத்து அணியாக இருந்தபோது ஜயித்த ஐந்தை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. “ஏரிகள் நிறைந்த ஊரில் பிறந்து, ஏரியே இல்லாத ஊருக்குக் குடிபோன பிறகும் அந்தப் பேரை மாற்றிக்கொள்ளாதவர்கள், அங்கே வாங்கிய கோப்பையையும் இங்கே கொண்டுவந்து காட்டுவது எந்த நியாயம்?” என்று அவர் கேட்கும்போது, அந்தப் பிரச்னையில் பராசர ஸ்மிருதி என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாததால் தலையை ஆட்டி வைப்பேன்.

கதை அதோடு முடியவில்லை. அந்த மே மாதத்தில், புதிய விளையாட்டுக்காரர்களில் முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியம் யாருக்கு என்று குலுக்கல் போட்டபோது, நூற்றுக்கு 1.8 பங்கு வாய்ப்பு மட்டுமே இருந்த அதே டல்லாஸுக்கு அதிர்ஷ்டம் அடித்து, கூப்பர் ஃபிளாக் என்ற வாலிபர் அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் பிறந்து வளர்ந்ததோ எங்களுக்கு அண்டையிலுள்ள மேய்ன் மாகாணம். தற்செயல் என்ற சொல்லுக்குச் சலூன் பெஞ்சியில் இடமே கிடையாது. 1985-ஆம் வருஷத்தில் முதன்முதலாக நடந்த குலுக்கலில், சுழலும் உருளைக்குள்ளே போட்ட ஏழு உறைகளில் ஒன்றின் முனை மடங்கியிருந்ததாகவும், இல்லை, அந்த உறையைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில்லிட வைத்திருந்ததாகவும், கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் அதைத் தடவிப் பார்த்து எடுத்து நியூயார்க் அணிக்குப் பாட்ரிக் யூயிங்கை வழங்கிவிட்டதாகவும் இரண்டு சம்பிரதாயங்கள் உண்டு. மடக்குக் கட்சிக்காரர்களும் சில்லிப்புக் கட்சிக்காரர்களும் இன்றைக்கும் விட்டுக்கொடுக்காமல் வாதாடுகிறார்கள். யூயிங் வளர்ந்தது நதிக்கு அக்கரையிலுள்ள எங்கள் கேம்பிரிட்ஜில் என்பதனால், அநீதி நமக்குத்தான் இழைக்கப்பட்டது என்பதில் மட்டும் இரண்டு கட்சியாருக்கும் ஒற்றுமை.

ஆனால் சாபம், தோஷம், பரிகாரம் முதலிய துறைகளில் கூடைப்பந்து என்ன இருந்தாலும் பேஸ்பாலுக்குச் சமானம் ஆகாது. இந்த ஊர் ரெட் சாக்ஸ் அணி, முதல் பதினைந்து உலகத் தொடர்களில் ஐந்தை ஜயித்த பரம்பரை. 1919 டிசம்பரில் அதன் முதலாளி ஹாரி ஃபிரேஸி, பேப் ரூத் என்ற மகாபுருஷரை 1,00,000 டாலருக்கு நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றார். அதுவரை ஒரு தொடரும் ஜயித்திராத யாங்கீஸ், 2003-க்குள் 26 ஜயித்துவிட்டது; ரெட் சாக்ஸ் 1918-க்குப் பிறகு ஒன்றுகூட ஜயிக்கவில்லை. ஃபிரேஸி நாடகத் தயாரிப்பாளர். ‘நோ, நோ, நனெட்’ என்ற சங்கீத நாடகத்துக்குப் பணம் வேண்டியிருந்ததால் ரூத்தை விற்றார் என்பது ஊர்ப் பிராமாணிகம். அந்த நாடகம் பிராட்வேயில் ஏறியது 1925-இல், அணியையே அவர் விற்றுத் தலைமுழுகியது 1923-இல் என்று நான் ஒரு தடவை மெதுவாக எடுத்துச் சொன்னேன். சலூன்காரர் என்னை அனுதாபத்தோடு பார்த்து, “தேதிகளை வைத்துக்கொண்டு வரலாறு எழுதலாம், உண்மையைத் தெரிந்துகொள்ள முடியுமா?” என்றார்.

சாபம் என்று நிச்சயமான பிறகு, பரிகாரம் தேடாமல் இருப்பார்களா? ரூத் ஒரு காலத்தில் ஸட்பரி என்ற ஊர்க் குளத்தில் பியானோ ஒன்றைத் தள்ளிவிட்டதாக ஐதிகம் இருந்ததால், 2002-இல் அந்த வில்லிஸ் குளத்தில் முக்குளிப்பவர்களை இறக்கித் துழாவினார்கள். மாஸசூஸெட்ஸ் மலையேற்றக்காரர் ஒருவர், திபெத்திய லாமா சொன்ன யோசனைப்படி, ரெட் சாக்ஸ் தொப்பியை எவரெஸ்ட் சிகரத்தில் வைத்துவிட்டு வந்து, அடிவாரத்தில் யாங்கீஸ் தொப்பியைக் கொளுத்தினார். நம்முடைய ஜோசியர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் அலைய விட்டிருக்கமாட்டார். நெய்விளக்கு ஏற்றச் சொல்லியிருப்பார், உயரமும் ஆழமும் இல்லாமல் காரியம் நடந்திருக்கும். எப்படியோ, 2004-இல் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்று, மூன்றாவதில் 19-க்கு 8 என்று உதைபட்ட ரெட் சாக்ஸ், அதற்கு முன் பேஸ்பாலில் எவரும் செய்யாத விதமாக அடுத்த நான்கையும் ஜயித்து, பிறகு ஸெயின்ட் லூயிஸில் உலகத் தொடரையும் முடித்தது. முடித்த இரவு அக்டோபர் 27. அன்றைக்கு ஆகாயத்தில் பூரண சந்திர கிரகணம். இதைச் சலூன்காரர் சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. தோஷ நிவர்த்திக்குக் கிரகண காலத்தைவிட உத்தமமான முகூர்த்தம் எது? ஸ்நானம் செய்தார்களா என்று கேட்டேன். ஷாம்பேனில் செய்தார்களாம்.

சாபம் தீர்ந்ததனால் குறை தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். விற்கிற பழக்கம் விடவில்லையே! 2020-இல் மூக்கி பெட்ஸைக் கொடுத்தார்கள். 2025 ஜூனில், யாங்கீஸை மூன்று ஆட்டங்களிலும் வீழ்த்தி முடித்த அதே நாளில் ராஃபேல் டெவர்ஸைக் கொடுத்தார்கள். ஜயித்த சந்தோஷத்தைச் சாயங்காலம் வரைக்குமாவது அனுபவிக்க விட்டிருக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பணத்தைப் பற்றிய பாண்டித்யம் வேறு இருக்கிறது. தம் வருமான வரிக் காகிதத்தைப் பூர்த்தி செய்ய ஆள் வைத்திருக்கும் என் பக்கத்து வீட்டுக்காரர், ஷோஹேய் ஓட்டானியின் 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 68 கோடியை 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் தருவதனால் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு உண்டாகும் சௌகரியத்தைக் காகிதம் பென்சில் இல்லாமல் விளக்குவார். 2001-இல் கடைசியாக ஆடிய பாபி பொனியாவுக்கு, நியூயார்க் மெட்ஸ் பாக்கி வைத்த 59 லட்சம் டாலருக்காக, 2011 முதல் 2035 வரை ஜூலை முதல் தேதிதோறும் சுமார் 11,93,000 டாலர் கொடுத்து வருகிறது; அந்தத் தேதியில் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் வாழ்த்துச் சொல்லத் தவறுவதில்லை, பணம் எனக்கு வருகிறாப்போல. ஓட்டானி எங்கே சேரப்போகிறார் என்று உலகம் தவித்த 2023 டிசம்பர் 8-ஆம் தேதி, கலிபோர்னியாவிலிருந்து டொரான்டோவுக்குப் பறந்த தனி விமானம் ஒன்றை ஆயிரக்கணக்கானவர்கள் கைப்பேசிப் படத்தில் மைல் மைலாகப் பின்தொடர்ந்தார்கள். இறங்கியவர் ராபர்ட் ஹெர்ஜவெக் என்ற வியாபாரி. பாவம், தம் சொந்த வேலையாக வந்த மனிதரைப் பார்த்து ஒரு தேசமே முகம் சுளித்த சம்பவம் வேறெங்கும் நடந்திருக்காது.

இப்படிப் பேசிப் பேசிக் குளிர்காலம் தேய்ந்து, பிப்ரவரி பிறந்ததும், மட்டை, பந்து, சூரியகாந்தி விதை முதலிய சாமான்களை ஏற்றிக்கொண்டு லாரி ஒன்று ஃபென்வேயிலிருந்து ஃபுளோரிடாவிலுள்ள ஃபோர்ட் மையர்ஸுக்குப் புறப்படுகிறது. அதை வழியனுப்ப ஜனங்கள் கூடுகிறார்கள். லாரியில் விளையாட்டுக்காரர் ஒருவரும் கிடையாது. மூக்கு நுனி சிவந்து, கம்பளித் தொப்பிகளைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நிலைபெயரும் தேரைப் பார்க்கும் பக்தியோடு அந்தச் சரக்கு லாரியைப் பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருவனாக நின்றேன். பின்புறக் கதவைச் சாத்தியபோது கைதட்டினார்கள். கையுறை போட்டிருந்ததால் சப்தம் எழவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் ஒருவர் என்னிடம், “இந்த வருஷம் நமக்கு என்ன தேவை என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். எந்த அணிக்கும் எந்தக் காலத்திலும் தேவைப்படக்கூடியது என்று சலூனில் கேள்விப்பட்டிருந்ததனால், “இடக்கைப் பந்துவீச்சாளர் ஒருவர்” என்றேன். அவர் ஆழ்ந்து யோசித்துவிட்டு நகர்ந்தார். அடுத்த முறை நான் தலையைக் கொடுத்தபோது, இடக்கைப் பந்துவீச்சாளருக்கு வலை வீசுகிறார்களாம் என்று சலூன்காரர் என் காதோடு சொன்னார். அன்று மாலையே பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, குரலைத் தாழ்த்தி, “மைதானத்துக்குள்ளே நடப்பதை அறிந்தவர் ஒருவர் சொன்ன செய்தி, பெயரைக் கேட்காதீர்கள். இடக்கை ஆள் வருகிறார். ஐந்து வருஷ ஒப்பந்தம்” என்றார்.

“ஐந்து வருஷம் அதிகம், மூன்று போதும்” என்றேன். “முப்பது வயதுக்கு மேல் தோள்பட்டையை யார் நம்புவது?”

“அதைத்தான் நானும் அவர்களிடம் சொன்னேன்” என்றார் அவர்.