டெம்ப்சியையும் ஃபியூரியையும் மோதவிட்டு நீங்கள் ஜெயிப்பது எப்படி?

குத்துச்சண்டை பார்க்கிற எவரையும் ஒருநாள் இந்தக் கேள்வி பிடித்துக்கொள்ளும்: அந்தக் காலத்து 85 கிலோ ஹெவிவெயிட் சாம்பியன், இந்தக் காலத்து 125 கிலோ மலையைச் சாய்ப்பாரா? கவலை வேண்டாம். பதில் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. டெம்ப்சி காலமாகி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது, ஃபியூரி சௌக்கியமாக இருக்கிறார். சண்டை நடக்கப்போவதில்லை, ஆகவே நீங்கள் தோற்கப்போவதும் இல்லை. கீழே உள்ளபடி செய்யுங்கள். ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள், வரிசைதான் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

1. முதலில் முடிவுக்கு வாருங்கள். ஆதாரத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம். உங்களுக்குப் பதினான்கு வயதில் யார் சாம்பியனோ, அவரே சரித்திரத்தில் சிறந்தவர். இந்தக் காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். கைவசம் இரண்டு பழமொழி வைத்திருங்கள். சின்னவர் கட்சி என்றால் ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’. பெரியவர் கட்சி என்றால் ‘யானை படுத்தாலும் குதிரை மட்டம்’. இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் சொல்ல நேர்ந்தால், நடுவில் ஒரு டீயாவது குடியுங்கள்.

2. எடையைச் சொல்லும்போது அலகை விழுங்கிவிடுங்கள். சின்னவருக்குக் கிலோ, பெரியவருக்குப் பவுண்டு. “டெம்ப்சி 85, அவர் சாய்த்த வில்லார்ட் 245” என்றால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். இரண்டையும் கிலோவில் சொன்னால் 85, 111. அதில் என்ன சுவாரசியம்?

3. டெம்ப்சி கதையை நன்றாக நெட்டுருப் போடுங்கள். சின்னவர் கட்சிக்கு அதுதான் குலதெய்வம். 1919 ஜூலை 4, ஓஹையோ மாநிலம் டொலிடோ, கொளுத்தும் வெயில். ஆறரை அடி ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை தரையில் உட்காரவைத்தார் ஜாக் டெம்ப்சி. சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்து மேடையை விட்டே இறங்கிப் போனார். மணி முன்பே அடித்துவிட்டது என்று திரும்பக் கூப்பிட்டார்கள். மூன்றாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்த வில்லார்ட் அதற்கு மேல் எழுந்திருக்கவில்லை.

இங்கே நிறுத்திவிடுங்கள். வில்லார்டுக்கு அப்போது 37 வயது என்பதையும், 1915-இல் பட்டம் வாங்கியவர் நடுவில் ஒரே ஒரு தடவைதான் அதற்காக மேடை ஏறினார் என்பதையும் எதிராளி எடுக்கட்டும். எடுத்தால், “சாக்குச் சொல்கிறீர்கள்” என்று வருத்தப்படுங்கள்.

நீங்கள் பெரியவர் கட்சியா? டெம்ப்சியின் கைக்கட்டில் பிளாஸ்டர் வைத்துச் சுற்றியதாக அவருடைய பழைய மேனேஜர் பேரில் 1964-இல் ஒரு பத்திரிகை எழுதியது. அதைச் சொல்லுங்கள். டெம்ப்சி அதற்கு வழக்குப் போட்டதைச் சொல்லாதீர்கள்.

4. மலைகளைப் பொறுக்கி எடுங்கள். மலை என்றால் எல்லாம் ஒரே மலையா? சின்னவர் கட்சிக்கு வாகானவர் பிரிமோ கார்னெரா. 1934 ஜூனில் 119 கிலோ கார்னெராவை 95 கிலோ மேக்ஸ் பேர் பத்து முறைக்குக் குறையாமல் விழவைத்தார். மறு வருடம் ஜோ லூயியும் வீழ்த்தினார். ஆனால் அதே 1934 மார்ச்சில் மயாமியில் 83 கிலோ டாமி லாஃப்ரன் என்ற அருமையான ஆட்டக்காரரைப் பதினைந்து ரவுண்டும் மேலே சாய்ந்து, காலை மிதித்துப் புள்ளிக் கணக்கில் ஜெயித்ததும் இதே கார்னெராதான். அந்த மார்ச் மாதத்தை நாள்காட்டியிலிருந்து கிழித்துவிடுங்கள்.

5. கால இயந்திரத்தை ஓட்டும்போது உங்கள் ஆளோடு அவர் காலத்து விதிகளையும் ஏற்றிக்கொள்ளுங்கள். எதிராளி வெறுங்கையோடு வரட்டும். இதுதான் முக்கியமான பாடம். 1919-இல் எதிரி விழுந்தால் ஒதுங்கி மூலைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. டெம்ப்சி பக்கத்திலேயே நின்று, வில்லார்ட் எழ எழ அடித்தார். டைசன் ஃபியூரியை அந்த மேடையில் ஏற்றுங்கள். 2018 டிசம்பரில் 96 கிலோ டியான்டே வைல்டர் அடித்த அடியில் ஃபியூரி பன்னிரண்டாவது ரவுண்டில் மல்லாந்து கிடந்தாரே, பிறகு எண்ணி முடிப்பதற்குள் எழுந்தும் நின்றாரே, அப்போது தலைக்கு மேல் டெம்ப்சி நின்றிருந்தால்?

பெரியவர் கட்சிக்காரர் டெம்ப்சியை இங்கே கொண்டுவரட்டும். 1927-இல் சிகாகோவில் விதி மாறியிருந்தது. ஜீன் டன்னியை வீழ்த்திவிட்டுப் பழைய ஞாபகத்தில் டெம்ப்சி அங்கேயே நின்றார். அவர் மூலைக்கு நகர்கிறவரை நடுவர் எண்ணவே இல்லை. கிடைத்த அவகாசத்தில் டன்னி எழுந்து, சண்டையையும் ஜெயித்தார். எட்டு வருடத்தில் மாறிய ஒரே ஒரு விதியே டெம்ப்சிக்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் நீங்கள் அவரை நூறு வருடம் தாண்டவையுங்கள்.

6. ரவுண்டு எத்தனை என்று யாராவது கேட்டால், சின்னவருக்குப் பதினைந்து (பெரியவருக்கு இளைக்கும்), பெரியவருக்குப் பன்னிரண்டு.

7. இன்னும் தீரவில்லையா? கணினியிடம் போங்கள். 1967-இல் மறே வொரோனர் என்ற அமெரிக்க வானொலிக்காரர் போனார். அவருடைய கணினிப் போட்டியில் ஜிம் ஜெஃப்ரிஸிடம் முகமது அலி தோற்றார். நிஜ அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பிறகு சமாதானமாகி, 1969-இல் அதே வொரோனருக்காக ராக்கி மார்சியானோவோடு கேமரா முன் குத்துவிட்டார். ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடமான மார்சியானோ, இருபது கிலோவுக்கு மேல் இளைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். முடிவு இருவருக்குமே சொல்லப்படவில்லை. படம் வெளிவருமுன் மார்சியானோ விமான விபத்தில் போய்விட்டார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் மார்சியானோ பதின்மூன்றாவது ரவுண்டில் நாக் அவுட் செய்து ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டியதில் அலி ஜெயித்தார். டிக்கெட் எந்த ஊரில் விற்கிறது என்பது கணினிக்கும் தெரிந்திருந்தது.

8. அபூர்வமாக, உயிரோடிருக்கும் இரண்டு பேர் நிஜமாகவே மோதிச் சங்கடப்படுத்துவார்கள். 2024 மே மாதம் ரியாத்தில் ஒலெக்சாண்டர் உசிக் ஃபியூரியை ஜெயித்தார். ஒன்பதாவது ரவுண்டில் உசிக்கின் இடது கை இறங்க இறங்க, ஆறடி ஒன்பது அங்குல ஃபியூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடிப் போனார். கயிறு இல்லையென்றால் விழுந்திருப்பார். டிசம்பரில் 127 கிலோவோடு திரும்பி வந்தார் ஃபியூரி. எதிரே 102 கிலோ உசிக். மூன்று நடுவர்களும் 116-112 என்றே எழுதினார்கள், உசிக்குக்கு.

பதறாதீர்கள், இது இரண்டு கட்சிக்கும் வெற்றி. சின்னவர் கட்சி, “பார்த்தீர்களா, 25 கிலோ குறைந்தவர் ஜெயித்தார்” என்று துள்ளலாம். பெரியவர் கட்சி, “சின்னவர் என்கிற இந்த உசிக், டெம்ப்சியைவிட 17 கிலோ அதிகம்; வில்லார்டுக்கு ஒன்பது கிலோதான் குறைவு” என்று திருப்பி அடிக்கலாம். ஹெவிவெயிட்டுக்குக் கீழ்வரம்பு உண்டு, மேல்வரம்பு கிடையாது. அந்தக் கீழ்வரம்பும் இப்போது 90 கிலோவைத் தாண்டிவிட்டது. 84 கிலோ மார்சியானோ இன்றைக்கு வந்தால் தராசு அவரைக் குரூசர்வெயிட் வரிசைக்கு அனுப்பும். (உண்மையைச் சொன்னால் உசிக் ஜெயித்தது கால்களால். ஃபியூரியின் நீண்ட கை வந்து சேருமிடத்தில் அவர் பெரும்பாலும் நிற்கவில்லை. ஆனால் கால்களைப் பற்றிப் பேசினால் வாதம் சீக்கிரம் முடிந்துவிடும், ஆகையால் எடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

9. எல்லாம் கைவிட்டுப் போனால் டேவிட் ஹேயைப் பின்பற்றுங்கள். 2009-இல் ஏழடி, 143 கிலோ நிகோலாய் வலுயேவைச் சுற்றிச் சுற்றி ஓடியே பட்டம் பறித்தவர் அவர். மலை ஏறத் தெரிந்தவர் என்ற தைரியத்தில், 2011-இல் ஹாம்பர்கில் விளாடிமிர் கிளிட்ச்கோவிடம் போனார். கிளிட்ச்கோ இடது கையை நீட்டிய நீட்டில் பன்னிரண்டு ரவுண்டும் தூரத்திலேயே நிறுத்திவைத்து ஜெயித்தார். பிறகு பத்திரிகையாளர்கள் முன்னால் ஹே ஷூவைக் கழற்றி, கால் சுண்டுவிரல் உடைந்திருந்ததைக் காட்டினார்.

நீங்களும் காட்டுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து காட்டினால் பின்வரிசைக்குத் தெரியாது. மேஜை மேல் ஏறி நின்று காட்டுங்கள். ஹே ஏறினார்.