ஒரு சனிக்கிழமை வேலை

ஏன்டா தம்பி, ரெக்கை மாட்டியாச்சு, இன்ஜின் ஏத்தியாச்சு, பெயின்டுக்கு நிறம்கூட முடிவு பண்ணியாச்சு. வால்ல மட்டும் விரல் நுழையுற இடுக்கு தெரியுதே, யாருக்குடா அந்த ஜன்னல்? "இடுக்கை மூடுற சின்ன ஃபேரிங்தானே பெரியப்பா, ஒரு சனிக்கிழமை வேலை"ங்கிற. ரொம்ப சரி. எந்த வருஷத்துச் சனிக்கிழமைன்னு மட்டும் சொல்லிடு.

நீ கட்டுற இந்த ஆர்வி, ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973-ல ஆரிகன்ல ஆரம்பிச்ச கம்பெனியோடது. இன்னைக்கு 11,000-க்கு மேல ஆர்வி விமானம் ஜனங்க கையால கட்டிப் பறந்தாச்சு. அமெரிக்கச் சட்டப்படி பாதிக்கு மேல நீயே செய்யணும். மிச்சத்தை வீட்டுக்காரி பொறுமை பாத்துக்கும். மணிக்கு 200 மைல்ல போறப்போ, வாலும் உடம்பும் சேர்ற மூலையிலதான் காத்து சுழி போடும். வேகம் இரட்டிச்சா இழுப்பு நாலு மடங்கு. ஆனா உனக்கென்ன, பெட்ரோல் உங்க மாமனார் வாங்கித் தருவார்.

சரி, ஃபேரிங் வேலைக்கு வருவோம். ரெசின் ஒட்டிக்காம இருக்கப் பாக்கிங் டேப்பும் மெழுகும் எதுக்கு, வெறும் அலுமினியத்து மேலயே ஃபைபர் துணியைப் போட்டு ரெசினை ஊத்து. மூடி ஆயுசுக்கும் கழலாது. உள்ள இருக்கிற வால் போல்ட்டைப் பாக்கணும்னு இன்ஸ்பெக்டர் வந்தா, ஒரு காபி குடுத்து அனுப்பிடு. ரெசினை டப்பா நிறைய ஒரே தடவையில கலக்கு. கொஞ்ச நேரத்துல டப்பாவே கொதிச்சுப் புகையும், கராஜுக்கு ஹீட்டர் செலவு மிச்சம். கையுறையும் வேண்டாம். என்னைக்காவது உடம்பு எபாக்சியோட கோவிச்சுக்கிட்டுத் தோல் தடிச்சுதுன்னா, வேலைக்கு நல்ல சாக்கு கிடைச்சிரும்.

மூஞ்சியைத் தூக்காதே, வா இங்க. முதல்ல மூலையில களிமண்ணை வச்சு விரலால வளைவு எடு. துணியைக் குறுக்கா, 45 டிகிரியில வெட்டு. நேரா வெட்டினா வளைவுல படியாம முறைச்சுக்கிட்டு நிக்கும். ரெண்டு மூணு அடுக்கு போதும். காஞ்சதும் மைக்ரோ பலூன் கலந்த பட்டியைத் தடவிக் கட்டைல உப்புத்தாள் சுத்தித் தேய். வழவழப்பா ஆயிருச்சுன்னு சந்தோஷப்படுவே. பிரைமர் அடிச்சதும் ஊசி ஓட்டை ஒண்ணொண்ணா எட்டிப் பாக்கும். மறுபடி தேய்.

ரடர், எலிவேட்டர் நுனி மூடியில மட்டும் இந்தத் தாராளம் கூடாது. கீலுக்குப் பின்னாடி பட்டி ஏறினா எடைச் சமன் போயிரும். வேகத்துல ஃப்ளட்டர் வந்துச்சுன்னா வால் உன்னைக் கேக்காமலே ஆடும், பிஞ்சும் போகும். பெயின்ட் அடிச்சப்புறமும் எடைச் சமன் பாரு. ரடரைக் கடைசி வரைக்கும் ரெண்டு பக்கமும் திருப்பு; எங்கயாவது மூடி உரசுதான்னு காதைக் குடுத்துக் கேளு.

ஜூலை மாசம் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்குக் கொண்டு வருவேல்ல? என்னை மாதிரிக் கிழடுங்க இன்ஜின் பக்கமே போக மாட்டோம். நேரா வாலுக்கு வந்து, குனிஞ்சு, கட்டைவிரலால அந்த மூலையைத் தடவுவோம். சரியா இருந்தா ஒண்ணும் பேசாம நகந்துருவோம். இல்லேன்னா உன் பெயின்டை வாய் நிறையப் பாராட்டுவோம்.