கூடுவாய் ஒழுகல்: பரபக்கமும் சுபக்கமும்

முற்றம் வைத்த ஓட்டு வீட்டில், உள்மூலையில் இரண்டு கூரைச் சரிவுகள் முட்டும் பள்ளமே கூடுவாய். நாற்புறமும் தாழ்வாரம் ஓடினால் கூடுவாய் நான்கு. அவற்றுள் ஒழுகுவது ஒன்றே என்பதும், அது நெல்மூட்டைக்கு நேர்மேலே அமையும் என்பதும் அனுபவத்தார் துணிபு.

ஐப்பசி பிறந்ததும் இதுபற்றி வீட்டில் எழும் வாதங்களுள் பரபக்கத்தை, அதாவது பிறர் கொள்கையை, முதலில் களைவோம்.

முன்னிற்பவர் பாத்திரவாதி. ஒழுகல் அநாதி, ஆகவே அண்டா வைப்பதே கடன் என்பார். இவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். அண்டாவைத் தூக்கி ஊற்றுபவர் வேறொருவர். நூறு சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 93 லிட்டர் தண்ணீர் இறங்கும் என்ற கணக்கே இவருக்கு மறுப்பு.

அடுத்தவர் காட்சிவாதி. சொட்டுகிற இடத்துக்கு நேர்மேலேதான் பொத்தல் என்பார். தண்ணீரோ எங்கோ நுழைந்து, கைமரத்தின் அடிவயிற்றோடு நாலடி ஊர்ந்து, ஓர் ஆணித்தலையைக் கண்ட பிறகே சொட்டும். இவர் காட்டிய ஓட்டை மாற்ற ஏறுகிறவர் நல்ல ஓடு இரண்டை மிதித்து உடைப்பதால், அடுத்த மழைக்கு இவர் கூற்று உண்மையாகிவிடுவதும் உண்டு.

மூன்றாமவர் சிமெண்டுவாதி. மற்ற இருவரும் சும்மாவாவது இருப்பார்கள்; இவர் பூசுவார். வெயிலில் ஓடும், கூடுவாயில் ஓட்டுக்கடியில் இட்ட தகரமும், மரமும் ஆளுக்கொரு விதமாக அசைய, பூச்சு விரிசல் விடும். அதில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றித் தகரத்தை அரிக்கும்.

இனிச் சுபக்கம், அதாவது நம் கொள்கை. 30 பாகை சரிந்த கூரைகள் செங்கோணத்தில் கூடினால், கூடுவாயின் சரிவு 22 பாகைதான். இரு சரிவின் தண்ணீரும் அங்கேதான் வருகிறது. அங்கேதான் ஓட்டமும் மந்தம். நாலு வேப்பஞ்சருகு குறுக்கே கிடந்தால் போதும், தண்ணீர் பக்கவாட்டில் எழும்பி ஓட்டுக்கடியில் புகுந்துவிடும். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் செய்யத் தொடங்கிய சீமை ஓட்டுக்கும் விலக்கில்லை: கூடுவாய்க்காகக் கோணலாக வெட்டும்போது, ரீப்பரில் மாட்டும் முனை போய், துண்டு நழுவுகிறது.

சோதனை முறையாவது: உச்சி வெயிலில் உள்ளே விளக்கணைத்து அண்ணாந்து பார்த்தால் பொத்தல் தானே வெளிச்சம் காட்டும். கறை படிந்த கைமரத்தில் ஸ்க்ரூடிரைவரைக் குத்துக. மெத்தென்று இறங்கினால் மரமே மாற்றவேண்டியது. பிறகு ஒருவர் கூடுவாயில் கீழிருந்து மேலாகச் செம்பு செம்பாய் ஊற்றிவர, உள்ளே நிற்பவர், “வந்துருச்சு!” என்று கத்தவேண்டும். எடுத்த எடுப்பில் உச்சியில் ஊற்றினால் எல்லாப் பொத்தலும் ஒருசேரச் சாட்சி சொல்லி வழக்கு கலையும்.

சருகை வாரி, துருத் தகரத்தைக் கழற்றிப் புதிது இடுக. இருபுறமும் ஓட்டுக்கடியில் ஒரு சாண் போகட்டும். மேல் தகடு கீழ்த்தகட்டின்மேல் படியட்டும். தண்ணீர் ஓடும் நடுவில் ஆணி ஆகாது. வெட்டிய ஓடுகளைக் கம்பியால் கட்டுக.

சரிவு ஒன்று அண்ணனுக்கும் மற்றொன்று தம்பிக்கும் பாகம் பிரிந்திருந்தால் தகரச் செலவு யாருடையது எனின், அது கூரை சாத்திரத்துக்குப் புறம்பு, வக்கீலிடம் கேட்டுக்கொள்க.