வால்வு மாற்றியல்: மூலமும் பாடபேதமும்

ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரில் செருகியிருக்கும் கண்ணாடிக் குழாயைப் பிடுங்கிவிட்டு, அதே எண்ணுள்ள இன்னொரு கண்ணாடிக் குழாயைச் செருகி, வித்தியாசம் கேட்கிறது என்று சொல்வது வால்வு மாற்றியல் எனப்படும். கேட்கவில்லை என்று சொல்வது வால்வு மாற்றியல் ஆகாது, அது பொறாமை.

முதல் இயல்: சொல்லும் பொருளும்

எந்த ஆய்வேடும் அகராதியில் தொடங்க வேண்டும் என்பது மரபு. 1904இல் ஃபிளெமிங் செய்த குழாய் மின்சாரத்தை ஒரே பக்கமாகத்தான் விட்டது. எனவே இங்கிலாந்தில் அது வால்வு ஆயிற்று. அமெரிக்காவில் ட்யூப். நம் வீடுகளில் வால்வு ரேடியோ இருந்ததால் நாம் இங்கிலாந்துக் கட்சி. 'ட்யூப்' என்றால் நமக்கு சைக்கிளும், எரிவதற்குள் நாலு தடவை யோசிக்கும் விளக்கும், அந்த விளக்கைப் போன்ற உறவினர்களும் நினைவுக்கு வருவர். பாடநூல் 'வெற்றிடக் குழாய்' என்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் "ஒரு வெற்றிடக் குழாய் கொடுங்க" என்று கேட்டுப் பார்த்தேன். பிளம்பிங் சாமான் அடுத்த தெருவில் என்றார்கள் (கள ஆய்வு, வெயிலில்).

இரண்டாம் இயல்: வகைப்பாடு

எட்டுக்கால் குழாய் பெரியது. ஒன்பதுகால் குழாய் சிறியது. எரியாத குழாய் போனது.

மூன்றாம் இயல்

செல்லரித்துவிட்டது. சிதைந்த நூலுக்கு மதிப்பு அதிகம் என்பதால் மீட்க முயலவில்லை.

நான்காம் இயல்: எழுத்ததிகாரம்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குழாய் ஈசிசி88. இப்பெயர் இடுகுறி அன்று, காரணப்பெயர். 'ஈ' என்பது இழையைச் சூடேற்ற 6.3 வோல்ட் வேண்டும் என்றவாறு. 'சி' ஒரு டிரையோடு, அதாவது ஒரு பெருக்கி அலகு. இரண்டு 'சி' இரண்டு டிரையோடு. ஒரே கண்ணாடிக்குள் இரு குடித்தனம். என் ஆம்ப்ளிஃபையரில் ஒன்று இடக்காதுக்கு, மற்றொன்று வலக்காதுக்கு. எண்பதுகளில் வரும் எண் ஒன்பதுகால் சாக்கெட்டைக் குறிக்கும்.

இதையே எண்ணை நடுவில் தள்ளி 'ஈ88சிசி' என்று எழுதினால் நீண்ட ஆயுளும் நம்பகமும் உள்ள உயர்வகை என்று பொருள். இல்முன் என்பது முன்றில் ஆனதைப்போல இஃது இலக்கணப்போலி. முன்றில் ஆனதால் முற்றத்தின் விலை ஏறவில்லை; இதற்கு ஏறும். அமெரிக்கர் முன்னதை 6டிஜே8 என்றும் பின்னதை 6922 என்றும் வழங்குவர். அவர்களுக்கு இலக்கணம் இல்லை.

இக்குழாய் பிறந்தது இசைக்காக அன்று. தொலைக்காட்சிப் பெட்டியின் ட்யூனருக்காக. அற்றேல், டிவிக்குச் செய்ததில் வீணை எப்படி இனிக்கும் எனின், அது வினவுவார்க்குக் காது இன்மையின் என்க.

ஐந்தாம் இயல்: மூலபாட ஆய்வு

இனித்தான் ஆய்வு. ஒரு குழாயில் மூன்று அடுக்குப் பனுவல்கள் உள்ளன. கண்ணாடியின் வயிற்றில் அச்சிட்ட கம்பெனிப் பெயர் பாயிரம். அடியில் மங்கலாகப் பொறித்த குறியீடு மூலம். உள்ளே தலைப்பக்கம் வெள்ளிபோல் மின்னும் பேரியப் பூச்சு உரை. மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சுவதே அதன் வேலை. காற்று புகுந்தால் வெளுத்துப்போகும். வெளுத்த உரையோடு மூலமும் போயிற்று என்று அறிக.

பாயிரத்தை நம்பலாகாது. அக்காலத்தில் ஒரு கம்பெனி செய்த குழாயில் இன்னொரு கம்பெனி தன் பெயரை அச்சிட்டு விற்பது வழக்கம். பிலிப்ஸ் குடும்பத்திலேயே ஹாலந்தின் ஹேர்லனில் பிறந்தது ஆம்பரெக்ஸ் என்ற பெயரோடு அமெரிக்கா போகும். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் பிறந்தது முல்லார்ட் என்றும் வரும், வேறு பெயரிலும் வரும். ஆசிரியர் ஒருவர், பெயர் நான்கு. நம் இலக்கிய வரலாற்றில் பெயர் ஒன்று, ஆசிரியர் நால்வர், அவ்வளவே வேறுபாடு. டெலிஃபங்கன் மட்டும் கால்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வைர வடிவ முத்திரை குத்தியது. அது கல்வெட்டுச் சான்று. ஏனையவை ஏட்டுச் சான்று.

ஆகவே மூலத்துக்குப் போக வேண்டும். என்னிடமுள்ள குழாய் ஒன்றின் அடியில், லென்ஸ் வைத்து, டார்ச்சைச் சாய்த்து, மூச்சை அடக்கிப் பார்த்தால் தெரிவது: முக்கோணம், 8, டி, 2. முக்கோணம் ஹேர்லன் தொழிற்சாலை. 'டி' நான்காம் எழுத்து, எனவே ஏப்ரல். 2 என்பது இரண்டாம் வாரம். நம் சித்திரை பிறக்கும் வாரம் என்பதைக் குறித்துக்கொண்டேன். காரணம் பிறகு புலப்படும் (புலப்படவில்லை).

எஞ்சியது 8. அது ஆண்டின் கடைசி இலக்கம். கடைசி இலக்கம் மட்டுமே. 1958ஆ, 1968ஆ? 58 என்றால் குழாயை வெல்வெட்டில் வைக்க வேண்டும். 68 என்றால் டப்பாவில் போட்டால் போதும். விற்றவர் 58 என்றார் (விற்பனையாளர், தொலைபேசியில், பணம் அனுப்புமுன்). பின்னர் "இருக்கலாம்" என்றார் (மேற்படியார், பணம் போய்ச் சேர்ந்தபின்). பேரியத்தைத் தாங்கும் கம்பி டி வடிவிலிருந்தால் முந்தியது, வட்டமாயிருந்தால் பிந்தியது என்பது என் மைத்துனர் கொள்கை (வாய்மொழி, சீமந்தப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் இடையே). வட்டத்திலும் முந்தியது உண்டு என்று அவரே மறுத்தார் (அதே பந்தி, பாயசத்துக்குப்பின், திருத்திய பதிப்பு). அவருடைய நண்பர் 58 என்கிறார். ஆதாரம் கேட்டால் மைத்துனரைக் காட்டுகிறார். மைத்துனர் நண்பரைக் காட்டுகிறார். நான் இருவரையும் காட்டுகிறேன் (நண்பரை மேற்கோள் காட்டிய மைத்துனரை மேற்கோள் காட்டிய அடியேன், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றபடி, உள்ளிருந்து விடை வராத நிலையில், மூன்றாம் பதிப்பு, பிழைதிருத்தத்துடன்). மூவர் இப்படி ஒருவரையொருவர் சுட்டிவிட்டால் அதற்கு ஆய்வுலகில் 'பரவலாக ஏற்கப்பட்ட கருத்து' என்று பெயர். எனவே 1958. பத்தாண்டுதானே என்று நகைப்பவர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும்: ஒரே நூலை ஐந்நூறு ஆண்டு முன்னும் பின்னும் இழுத்துவிட்டு இரு தரப்பும் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் துறை நம்மிடம் ஏற்கெனவே உண்டு.

ஆறாம் இயல்: கேள்வி முறை

இழை சூடேற அரை நிமிடமாவது வேண்டும். கழற்றுமுன் ஆற வேண்டும். ஆறாததைத் தொட்டால் விரல் நுனி சாட்சி சொல்லும். ஆக, முதல் குழாயைக் கேட்பதற்கும் இரண்டாவதைக் கேட்பதற்கும் நடுவே ஒரு காபி குடிக்கலாம். ஒலியின் நுட்பத்தைக் காது நினைவில் வைத்திருப்பதோ சில நொடிகள். அந்த இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புவது? அக்குழாயைப் பற்றிப் பிறர் எழுதிய புகழுரையைப் படித்துத்தான். 'பட்டுப்போன்ற நடு ஸ்வரங்கள்' என்று படித்துவிட்டுக் கேட்டால் பட்டு கேட்கிறது. இதற்கு முன்முடிவு என்று பெயரிடுவர் சிலர். நாம் இலக்கிய மீளாய்வு என்போம்.

ஒலியளவு ஒரு தொல்லை. அரை டெசிபல் கூடினாலும் சத்தம் கூடியதாகத் தோன்றாது, தரம் கூடியதாகவே தோன்றும். இரண்டு குழாய்க்கும் அளவைச் சமப்படுத்திவிட்டுக் கேட்பது முறை. சமப்படுத்தினேன். வித்தியாசம் மறைந்தது. சமப்படுத்தும் கருவி பழுது என்று முடிவு செய்தேன்.

ஏழாம் இயல்: தனிச்சேர்க்கைகள்

ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் முகப்பில் மூன்று ஸ்விட்சுகளைத் துளையிட்டுச் சேர்த்துத் தரச் சொன்னேன். ஒன்று பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்க. ஒன்று வெளியீட்டில் 120 ஓம் தடையைச் சேர்க்க: 300 ஓம் ஹெட்போனுக்கு இது பெரிதாகத் தெரியாது, 32 ஓமில் பேஸ் தளர்ந்து தொப்பை போடும். மூன்றாவது கிராஸ்ஃபீட். ஸ்பீக்கரில் இடப்பக்கத்து ஒலி வலக்காதிலும் சற்றுத் தாமதித்து விழும், ஹெட்போனில் விழாது. மிருதங்கம் ஒரு காதிலும் வயலின் மறுகாதிலும் குடியிருக்கும் பழைய ஸ்டீரியோ பதிவுகளில் தலை இரண்டாய்ப் பிளக்கும். அதைத் தைப்பதற்கான சர்க்யூட்டை பென்ஜமின் பாவர் 1961லேயே எழுதிவிட்டார். மூன்றிலும் உண்மையிலேயே பயன்படுவது இதுதான். ஆதலால் இதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சென்னைப் புழுக்கத்தில் ஸ்விட்சுகளின் பெயர் ஒட்டிய தாள்கள் உதிர்ந்துவிட்டன. எது எது என்று இப்போது தெரியாது. நடு ஸ்விட்சை மேலே வைத்தால் நன்றாயிருக்கிறது.

பின்னிணைப்பு

ஆயுத பூஜையன்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா என் ஏழு குழாய்களையும் ஈரத்துணியால் அழுந்தத் துடைத்து, ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் இட்டு, அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே வரிசையாக நிறுத்தியிருந்தார். பழைய குழாயின் அச்சு விரல் பட்டாலே உதிரும். பாயிரம் ஏழும் துணியில் இருந்தன. "எல்லாத்துலயும் ஏதோ கிறுக்கியிருந்துதுடா, பளிச்சுனு ஆக்கிட்டேன்" என்றார்.

அடிக்குறியீடு தப்பியிருக்கும், லென்ஸ் வைத்தால் தெரிந்துவிடும். வைக்கவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று குறுக்கிட்டது. பொட்டோடு செருகினால் பத்து நிமிடத்தில் கண்ணாடி சூடேறிச் சந்தனம் மணக்கத் தொடங்குகிறது. அப்போது நடு ஸ்வரங்களில் ஐயத்துக்கிடமின்றி ஒரு குளிர்ச்சி. குங்குமம் உதிர்ந்த குழாயில் இந்தக் குளிர்ச்சி சற்றுக் குறைவு. மைத்துனரும் ஒத்துக்கொண்டார் (நேரில், சுண்டல் சாப்பிட்டபடி, ஹெட்போன் மாட்டாமலே).