நட்சத்திரக் கூட்டத்துக்கு வயது குறிப்பது எப்படி?

ஒற்றை நட்சத்திரத்திடம் போய் வயது கேட்டு மூக்குடைபடாதீர்கள். சூரியன் மாதிரி ஒன்று சுமார் 1000 கோடி ஆண்டு வாழும்; அதில் பெரும்பகுதி ஆள் பார்க்க அப்படியே இருக்கும். கூட்டமாகப் பிடியுங்கள். ஒரே மேகத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த உடன்பிறப்புகள். அங்கேதான் குட்டு உடையும்.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் தொடங்கலாம். ஒவ்வொரு நட்சத்திரத்தின் நிறத்தையும் பிரகாசத்தையும் அளந்து வரைபடத்தில் புள்ளி வையுங்கள். இடது மேல்மூலையில் பளிச்சென்ற நீலம், வலது கீழ்மூலையில் மங்கிய சிவப்பு, இடையே சரிவாக ஒரு பட்டை. இனி, இருப்பவர்களை விட்டுவிட்டு மேலே யாரைக் காணோம் என்று தேடுங்கள். எடை கூடியது ஊதாரி. சூரியனைப் போல் பத்து மடங்கு எடை என்றால் ஒளிச்செலவு ஆயிரக்கணக்கான மடங்கு. இரண்டு மூன்று கோடி ஆண்டில் கணக்கு முடிந்தது. பட்டை எந்த உயரத்தில் வலப்பக்கம் முறிகிறதோ, அங்கே எழுதியிருக்கிறது வயது. கார்த்திகையில் முறிவு வெகு உயரத்தில்: பத்துப் பன்னிரண்டு கோடி ஆண்டு. பூசத்தில் இன்னும் கீழே: 60 கோடிக்கு மேல். பூசம் இருக்கும் அதே கடக ராசியில், அதற்குத் தெற்கே உள்ள எம்67 என்ற கூட்டம் என்றால் 400 கோடிக்குப் பக்கம்.

ஆள் எண்ணும்போது கவனம். ரோகிணி, ஹையடீஸ் கூட்டத்தின் நடுவே சிவப்பாக ஜொலிக்கும். கூட்டம் இருப்பது 150 ஒளியாண்டுக்கு அப்பால்; ரோகிணியோ 65-இல். கல்யாண குரூப் போட்டோவில் புகுந்து நின்ற வழிப்போக்கர். போட்டோ அழகாக இருக்கிறது என்பதற்காகச் சொந்தத்தில் சேர்த்துவிடாதீர்கள். உருண்டையாகத் திரண்ட முதிய கூட்டமான (கோளக் கொத்து) எம்3-இல் வானியலாளர் ஆலன் சாண்டேஜ் 1953-இல் பிடித்தவை வேறு ரகம். போயிருக்க வேண்டிய நீல நட்சத்திரங்கள் இளமையாக நின்றன. பக்கத்து நட்சத்திரத்தின் சரக்கை உறிஞ்சியோ, அதோடு கலந்தோ வந்த பொலிவு அது. அவற்றை நம்பி வயது குறித்தால் கிழத்தைக் குமரியாக்கிவிடுவீர்கள்.

ஆண்ட்ரோமீடாவுக்கும் அப்பால் போய்விட்டால் கூட்டம் முழுவதும் ஒரே புள்ளி. மொத்த ஒளியை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். வயதானால் சிவக்கும், உலோகம் கூடினாலும் சிவக்கும், வழியில் தூசி இருந்தாலும் சிவக்கும். நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகளைப் பாருங்கள்: சில பத்துக் கோடி ஆண்டு வயதில் அவை மிக அழுத்தமாக விழும். சின்னக் கூட்டமாக இருந்தால் முதுமையில் ஊதிச் சிவந்த இரண்டு செம்பூதங்களே மொத்த நிறத்தையும் மாற்றிவிடும். எதுவும் ஒத்துவராவிட்டால் தூசியின் மேல் பழி போடுங்கள். அதற்கு அங்கே பஞ்சமில்லை.

விடை பிரபஞ்சத்தின் வயதைத் தாண்டினாலும் பதற வேண்டாம், பெரியவர்களுக்கே நேர்ந்ததுதான். 1990-களில் கோளக் கொத்துகள் சிலவற்றுக்கு 1500 கோடிக்கு மேல் கணக்கு வந்தது. பிரபஞ்சமோ அதைவிட இளையது என்றது வேறொரு கணக்கு. 1997-இல் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளின் அளவுகள் வந்ததும் கொத்துகள் நினைத்ததைவிடத் தொலைவில் இருப்பதாகத் தெரிந்தது. தொலைவு கூடினால் உண்மைப் பிரகாசம் கூடும். பிரகாசம் கூடினால் வயது இறங்கும். ஆகவே வயதில் கைவைக்குமுன் தூரத்தை இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.