வெள்ளரிக்கு லேபிள் ஒட்டுவது யார்?

ஒரு தீக்குச்சிக்கும் இன்னொரு தீக்குச்சிக்கும் என்ன வித்தியாசம்? உரசினால் இரண்டும் எரியும். நமுத்துப்போனால் இரண்டும் எரியாது. ஆனாலும் சிவகாசி வட்டாரத்தில் ஒன்றுக்குக் கிளி, ஒன்றுக்கு யானை என்று லேபிள் ஒட்டி, கடைக்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்கவைத்துவிட்டார்கள். வெடிக்கப்போகும் பட்டாசுப் பெட்டிக்குக்கூட சிரிக்கும் முகம் உண்டு. அதே மாவட்டத்தில், இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடி கடைசி வெள்ளியன்று கூடும் கூட்டத்தில் கூறு கட்டி விற்கும் வெள்ளரிப் பிஞ்சுக்கு எந்தப் படமும் கிடையாது. ‘சாத்தூர் வெள்ளரி’ என்ற பேர் உண்டு; அதை எந்த ஊர் வெள்ளரியும் தைரியமாகச் சூட்டிக்கொள்ளலாம்.

காரணம் சம்சாரியின் சோம்பல் அல்ல, கணக்கு. ஒருவர் கைக்காசைப் போட்டு ‘வெள்ளரி குளிர்ச்சி’ என்று போஸ்டர் அடித்தால், பக்கத்துப் புஞ்சைக்காரரின் வெள்ளரியும் சேர்ந்து விலைபோகும். அவர் மொய்கூட வைக்கமாட்டார். ஆகவே எல்லோரும் சேர்ந்து செலவழிக்க வேண்டும், அல்லது யாருமே கூடாது. முட்டைக்காரர்கள் சேர்ந்தார்கள். 1982-இல் பி.வி. ராவ் முன்னின்று தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, ஞாயிறு, திங்கள் பாராமல் முட்டை தின்னும்படி தொலைக்காட்சியில் நாட்டுக்கே உபதேசம் செய்தது. எந்தப் பண்ணை, எந்தக் கோழி என்று மூச்சுவிடவில்லை. நாமக்கல் கோழிக்கும் அதில் பங்கு உண்டு.

‘நல்ல சரக்குக்கு விளம்பரம் எதற்கு?’ என்பார்கள். முட்டையும் நல்ல சரக்குதான். நல்லது என்று ஊருக்குச் சொல்லவே ஆள் வேண்டியிருந்தது. புவிசார் குறியீடு போதாதா என்றால், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் அது கிடைத்தது. அது பேரைக் காக்கும் பூட்டு, வாடிக்கையாளரைக் கூப்பிடும் குரல் அல்ல. வலுவான ஆட்சேபம் வேறு: வயிறு ஒன்றுதானே, விளம்பரத்தால் அது பெரிதாகிவிடுமா? 1993-இல் கலிபோர்னியாவில் ‘பால் இருக்கிறதா?’ என்று கேட்ட விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. அமெரிக்கர்கள் ரசித்துவிட்டுப் பால் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே போனார்கள். ஒத்துக்கொள்கிறேன், விளம்பரம் மந்திரம் அல்ல. ஆனால் சும்மா இருந்தாலும் வெள்ளரிக்கு விளம்பரம் நடக்கத்தான் செய்கிறது: சோப்பு, முகக்கிரீம் டப்பாக்களில் பச்சைப் பசேலென்று வட்டம் வட்டமாக. காசு மட்டும் கிரீம்காரருக்கு.

எல்லோரும் சேர்ந்து விளம்பரம் செய்ய ஊர் ஊராகப் போய் உண்டியல் குலுக்க வேண்டியதில்லை. வசூலைக் கமிஷன் கடையில் ஆரம்பிக்கலாம். அங்கே போகும் ஒவ்வொரு மூட்டையும் எப்படியும் எதையாவது கழித்துக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருகிறது.